தங்கத் தூள் குப்பியில் தமிழில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 33 ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கேக் செய்வது என் மனைவி. மூன்று வருடமாக அதன் மேல் படம் வரைவது என் வேலை. சென்ற மாதம் பேத்தியின் பிறந்தநாள் கேக்கில் பூசத் தங்கத் தூள் வாங்கப் போன இடத்தில் நடந்ததைக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

பேத்திக்கு 7 வயது. கேக்கில் என்ன படம் வேண்டும் என்று கேட்டேன். "காந்திமதி யானை, தாத்தா. செருப்போட" என்றாள். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. கால் வலியோடு நடந்த அதற்கு 2022-இல் பக்தர்கள் தோல் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். 2025 ஜனவரி 12 அன்று அது இறந்துபோனது. ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தவள் என் பேத்தி. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அவளே வரைந்தும் வைத்திருந்தாள். காது உடம்பைவிடப் பெரிது. நாலு காலிலும் வார் வைத்த செருப்பு.

"ஒரு போட்டோவைக் கொடுத்தால் கடையிலேயே அச்சடித்து ஒட்டித் தருவார்களே அப்பா" என்றாள் மகள். அதில் தப்பில்லை. தின்னக்கூடிய மையால் தின்னக்கூடிய தாளில்தான் அச்சடிக்கிறார்கள். சாதாரண மை ஒருமுறைகூட ஓடாத பிரிண்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குழந்தை வரைந்த காதும் செருப்பும் எந்தப் போட்டோவில் கிடைக்கும்? அவள் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டு கையால்தான் வரைவது என்று முடிவு செய்தேன்.

சர்க்கரையில் வரைவது தாளில் வரைவது போல இல்லை. ஃபாண்டன்ட் என்பது சர்க்கரையைப் பிசைந்து சப்பாத்தி மாதிரி தேய்க்கிற உறை. வாட்டர்கலர் பழக்கத்தில் தூரிகையை நனைத்து வைத்தால் வைத்த இடத்தில் சர்க்கரை கரைந்து குழி விழும். முதல் கேக்கில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. அதனால் இப்போது கேக்கின் மேல் நேரடியாக வரைவதில்லை. ஃபாண்டன்ட்டை 3 மில்லிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அந்தத் தட்டில் வரைந்து, கடைசியாகத் தூக்கிக் கேக்கின் மேல் வைக்கிறேன். கெட்டாலும் தட்டோடு போகும், கேக் தப்பிக்கும். ஜெல் கலரை, அதாவது கூழ் மாதிரி இருக்கும் உணவு நிறத்தை, தொட்டு, துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால்தான் தீட்ட வேண்டும். ஒரு பூச்சு காய மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டு அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். முடிந்ததும் ஃபிரிட்ஜில் அப்படியே திறந்து வைக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் வியர்த்து, கோடெல்லாம் ஓடிவிடும். அட்டைப் பெட்டியில் மூடி வைத்து, பெட்டியோடு வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டுத் திறக்க வேண்டும்.

யானைக்குச் சாம்பல் நிறம். கறுப்பில் கை வைக்காதே என்று வகுப்பில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆரஞ்சும் நீலமும் கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும். கேக்கிலும் அதே கணக்குதான். முதுகுத் துணியின் கரைக்குச் சங்குப்பூவைக் கொதிக்கவைத்துச் சுண்டக் காய்ச்சிய நீலம். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சொட்டை அவள் கையாலேயே விடச் சொன்னேன். அப்புறம் அரை மணி நேரத்துக்கு வேறு வேலையே நடக்கவில்லை.

மிச்சம் இருந்தது நெற்றிப்பட்டம். அதற்குத் தங்க நிறம் வேண்டும். கேக் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். விரல் நீளத்தில் ஒரு குப்பியை எடுத்து நீட்டினார்கள். பளபளவென்று அழகான தூள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டே விஷயம்: 'நான்-டாக்ஸிக்', 'அலங்காரத்துக்கு மட்டும்'. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை. உணவுப் பொருளில் இருக்க வேண்டிய, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லை. கேட்டால், "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க, விஷம் இல்லைன்னு போட்டிருக்கே" என்றார் கடைக்காரர். அவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

எனக்கு அந்த 'நான்-டாக்ஸிக்' நன்றாகவே தெரியும். 33 வருடம் ஒவ்வொரு கிரேயான் பெட்டியிலும் போஸ்டர் கலர் பாட்டிலிலும் பார்த்த வார்த்தை அது. பிள்ளை தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் பெரிய ஆபத்து இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்காகக் கிரேயானை யாரும் இலையில் பரிமாறுவதில்லை. விஷம் இல்லாதது வேறு, உணவு வேறு.

இது வெறும் பயம் இல்லை. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக்கில் பூசிய ரோஸ் கோல்டு நிறத் தூளைச் சோதித்தபோது அதில் செம்பு மிக அதிகமாக இருந்தது. நம் ஊரிலும் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்கு அரசு தடை போட்டது நினைவிருக்கும். அதில் இருந்தது ரோடமின்-பி, துணிக்குப் போடும் சாயம். அன்றைக்குப் பஞ்சு மிட்டாயைப் பார்த்துப் பதறிய நாம், வீட்டுக் கேக்கின் மேல் தூவுகிற மினுமினுப்பைத் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை.

உணவில் சேர்க்க இந்தியாவில் அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டுதான். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, பிரில்லியன்ட் புளூ என்று பெயரையோ அதற்குரிய எண்ணையோ குறிப்பிட்டிருக்க வேண்டும். நல்ல ஜெல் கலர் பாட்டிலில் அது இருக்கிறது. ஆனால் அதையும் ஆங்கிலம் தெரிந்தவர்தான் படிக்க முடியும். உணவுப் பொட்டலத்தில் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது இப்போதைய விதி. தமிழிலும் போடலாம், கட்டாயம் இல்லை. வீட்டிலிருந்தே கேக் செய்து நாலு காசு பார்க்கும் பெண்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தமிழில் மட்டும் படித்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கேக் அலங்காரப் பொருள் ஒவ்வொன்றிலும் 'உண்ணலாம்' அல்லது 'உண்ணக் கூடாது' என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுதச் சொல்லி அரசு உத்தரவு போட வேண்டும். உண்ணக் கூடாதவற்றைக் கலர் பாட்டில்களோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஹோட்டலுக்கும் பேக்கரிக்கும் போகிறார்கள். இந்தக் கடைகளுக்கும் ஒருமுறை போக வேண்டும்.

குப்பிக்குக் காசு கொடுத்து வாங்கினேன், கேக்கில் தூவ அல்ல. நெற்றிப்பட்டத்தைத் தங்கத் தூள் இல்லாமலே வரைந்தேன். தங்கம் என்பது தனி நிறம் இல்லை. கோகோவால் ஓரத்தில் பழுப்பு நிழல், நடுவில் மஞ்சள், அதன் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் கண் தானாகத் தங்கத்தைப் பார்த்துக்கொள்ளும். பேத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நிஜத் தங்கமா தாத்தா?" என்று கேட்டாள். பிறகு விரலை நக்கினாள். அந்த நேரத்தில் என் மனம் பட்ட நிம்மதியை எழுதத் தெரியவில்லை. செருப்புள்ள துண்டுகளை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் ஆச்சிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

குப்பி என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் செய்தியாளர் யாராவது வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்துப் பார்க்கக் கேட்டாலும் கொடுக்கத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பாளையங்கோட்டை.