கணினிக்கு முன்னால் ஒரு ஃபார்மலின் டப்பா

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து கேட்கும், இதய நோயாளிகளில் யாருக்கு எது ஒத்துவரும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாக எழுதியிருந்தார்கள். ஆனால் இது ஏதோ இனிமேல் வரப்போகிற அதிசயம் என்ற தொனி கட்டுரை முழுக்க இருந்தது. நான் நோய்க்குறியியல் (பேதாலஜி) ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்து கேட்குமா என்று பார்க்கும் சோதனைகள் பல வருடங்களாக நம்மிடம் இருக்கின்றன. அவை எங்கே கோட்டை விடுகின்றன என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

மார்பகப் புற்றுநோயில் செய்யும் ஹெர்2 சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 முதல் 20 பேரின் கட்டியில் ஹெர்2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசிக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புரதம் மிகுந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. மற்றவர்களுக்குக் கொடுத்தால் செலவும், இதயத்துக்கு வரக்கூடிய தொந்தரவும்தான் மிச்சம். யாருக்குக் கொடுப்பது என்பதை முடிவு செய்வது, கட்டியிலிருந்து வெட்டிய மெல்லிய சீவலில் நாங்கள் ஏற்றும் பழுப்பு நிறம். அதைப் பார்த்து மருத்துவர் 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவார். 3+ என்றால் ஊசி உண்டு. 2+ என்றால் இரண்டுங்கெட்டான் நிலை. ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். அதற்கு மாதிரியைப் பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும், பணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். 2+ ரிப்போர்ட்டோடு போனவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு.

இந்த நிறம் சரியாக ஏற வேண்டுமானால் அறுவை அரங்கிலேயே சில காரியங்கள் நடந்திருக்க வேண்டும். உடம்பிலிருந்து எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள், அது கெடாமல் காக்கும் திரவமான 10% நடுநிலை ஃபார்மலினில் போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் முழு மார்பகத்தை எடுத்திருந்தால் கத்தியால் கீறித் திறந்துவிட்டுத்தான் போட வேண்டும். நடப்பது என்ன? சனிக்கிழமை மாலை ஆபரேஷன். திசு ஒரு குறுகலான டப்பாவில் திணிக்கப்பட்டு, மேலே கொஞ்சம் ஃபார்மலின் ஊற்றப்பட்டு, திங்கள்கிழமை மதியம் எங்களிடம் வரும். வெளியே ஃபார்மலினில் விறைத்திருக்கும், உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். சில நர்சிங் ஹோம்களிலிருந்து வெறும் சலைனில் மிதந்து வந்ததையும் பார்த்திருக்கிறேன். டப்பா மேல் எத்தனை மணிக்கு எடுத்தோம், எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டோம் என்று எழுதச் சொல்லி நாங்கள் கெஞ்சாத நாள் கிடையாது. அப்படி வந்த திசுவில் நிறம் வெளிறிப்போய் 'இல்லை' என்று ரிப்போர்ட் போனால், ஊசி கிடைக்க வேண்டிய பெண்ணுக்கு ஊசி கிடைக்காது. அந்த ரிப்போர்ட்டை எந்தக் கணினிக்குள் போட்டாலும் அதுவும் 'கொடுக்க வேண்டாம்' என்றுதான் சொல்லும்.

இப்போது நிலைமை இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது. ஹெர்2 கொஞ்சமாக இருப்பவர்களுக்கும் பலன் தரும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற புது மருந்து 2022-லிருந்து பேசப்படுகிறது. முன்பெல்லாம் 0-வுக்கும் 1+-க்கும் நடுவே யாரும் பெரிதாக மெனக்கெட மாட்டார்கள், இரண்டும் 'இல்லை' கணக்குதான். இன்று அந்த ஒரு படி வித்தியாசத்தில் ஒரு மருந்தே நிற்கிறது.

சோதிக்காமல் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப் மாத்திரையின் கதை போதும். 2003-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்தபோது யாருக்குக் கேட்கும் என்று தெரியாது. சிலருக்குக் கட்டி அப்படியே சுருங்கியது, பலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் கேட்கிறது என்று 2004-ல் தெரிந்தது. 2009-ல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வு கிழக்கு ஆசியாவில் 1,217 நோயாளிகளிடம் நடந்தது. மாற்றம் இருந்தவர்களில் 71.2% பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது, கீமோவில் 47.3% பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களிடம் நிலைமை தலைகீழ்: கீமோவில் 23.5%, மாத்திரையில் வெறும் 1.1%. சோதிக்காமல் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு கூட்டம் பிழைத்திருக்கும், இன்னொரு கூட்டத்துக்குக் கையில் இருந்த அவகாசமும் போயிருக்கும்.

சரி, இதயத்துக்கு வருகிறேன். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர்கள் வீட்டில் குளோபிடோகிரெல் மாத்திரை கட்டாயம் இருக்கும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு ஸ்டென்ட்டை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் மலிவான மாத்திரை. ஆனால் விழுங்கியவுடன் அது மருந்தாக இருப்பதில்லை. கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி மாற்றிக் கொடுத்த பிறகுதான் வேலை செய்யும். அந்த நொதியைச் செய்யும் மரபணு பழுதாக இருப்பவர்களுக்கு மாத்திரை சரியாகக் கேட்காது. 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கட்டம் கட்டி எச்சரிக்கையாகவே போட்டது. பழுதான அந்த மரபணுவின் ஒரு பிரதியாவது இருப்பவர்கள் தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். ஐரோப்பியர்களை விட நம்மிடம் மிக அதிகம். உங்கள் கட்டுரையில் இந்த மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

சோதித்து மருந்தை மாற்றினால் எவ்வளவு நன்மை என்பதில் இதய மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் வந்த டெய்லர்-பிசிஐ ஆய்வில் சுமார் 5,300 பேர் இருந்தார்கள். மரபணு பழுதானவர்களில் சோதித்து மருந்தை மாற்றிய தரப்பில் 4.0% பேருக்கும், வழக்கமான மாத்திரையே கொடுத்த தரப்பில் 5.9% பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற சிக்கல்கள் வந்தன. வித்தியாசம் தெரிந்தது, ஆனால் அது தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் புள்ளியியல் கணக்கில் மயிரிழையில் நிற்காமல் போனது. பிரிட்டனில் பக்கவாத நோயாளிகளுக்கு இந்த மாத்திரை தருவதற்கு முன் மரபணுவைச் சோதிக்கலாம் என்று அங்கே சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2024-ல் பரிந்துரைத்தது. எல்லோருக்கும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். மாத்திரையைத் தவறாமல் போட்டும் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு திரும்பி வருகிறவருக்காவது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாமா? அவரைப் பார்த்ததும் 'மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா' என்று அதட்டுவதுதான் வழக்கம்.

இதிலிருந்துதான் என் பெரிய சந்தேகம் வருகிறது. கணிப்புக் கருவி யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட உலகம் பயன்படுத்தும் முறைகளில் பலவற்றுக்கு மூலம், அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் 1948-ல் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வு. அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பின்னாளில் பிரிட்டனில் செய்த கியூரிஸ்க் என்ற இதய அபாயக் கணக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனியாகக் குறிக்க இடம் வைக்க வேண்டியிருந்தது. இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடிய ஒரு மரபணுக் குறை இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4% பேரிடம் இருக்கிறது என்று 2009-ல் கண்டுபிடித்த குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஃபிராமிங்காமில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்குமா?

திசுப் படத்தைப் பார்த்தே மருந்து கேட்குமா என்று சொல்லும் மென்பொருளைக் கட்டுரையாளர் வெகுவாகப் புகழ்ந்திருந்தார். எங்கள் தொழிலில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஹெமடாக்சிலின் சாயம் ஏற்றியதும் சீவல் செந்நீலமாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவும்போதுதான் நல்ல நீலத்துக்கு மாறும். தண்ணீரில் காரத்தன்மை எவ்வளவோ அதைப் பொறுத்து நீலம் மாறும். போர் தண்ணீர் வரும் ஊருக்கும் ஆற்றுத் தண்ணீர் வரும் ஊருக்கும் ஒரே நீலம் வராது. அனுபவமுள்ள டாக்டர் அதைக் கண்டுகொள்ளாமல் செல்லைப் பார்ப்பார். வேறு நாட்டு ஆய்வகத்தின் படங்களில் பழகிய மென்பொருள் இந்த நிற வேறுபாட்டில் தடுமாறுகிறது என்பது அந்தத் துறையில் இருப்பவர்களே ஒப்புக்கொள்ளும் சிக்கல். நம் ஊர்ச் சீவல்களில் சோதித்துப் பார்த்தீர்களா என்று விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டியது அவசியம்.

கட்டுரையில் புற்றுநோயும் இதயமும் தனித்தனித் தலைப்பில் வந்தன. பல நோயாளிகளுக்கு இரண்டும் ஒன்றாக வரும். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து, டிராஸ்டுசுமாப் இரண்டுமே இதயத் தசையைத் தளர்த்தக்கூடியவை. வயதானவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு டாக்சோரூபிசின் வாங்கியவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். டிராஸ்டுசுமாப் போடுபவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்தால் தளர்ச்சியை ஆரம்பத்திலேயே பிடிக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. எக்கோ மெஷின் உள்ள ஊர் வரை போய்வர பஸ் காசும், கூடப் போக ஒரு ஆளும் இருந்தால் போதும். பலருக்கு அதுதான் இல்லை.

அடுத்த கட்டுரை எழுதும்போது ஒரு நோய்க்குறியியல் மருத்துவரிடமும் பேசும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஹெர்2, ஃபிஷ், இ.ஜி.எஃப்.ஆர். சோதனைகளில் எது நடக்கிறது, எது வெளியே போகிறது, செலவு யார் தலையில் விழுகிறது என்று விசாரித்து ஒரு பட்டியல் போட்டாலே பெரிய உபகாரம்.

வாசகர்களுக்கும் ஒன்று. வேறு மருத்துவமனைக்கு மாறும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். சோதனையைத் திரும்பச் செய்ய அது வேண்டும். அதை வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும், ஃபிரிட்ஜ் எல்லாம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.