கழிமுகமும் தொழில் நிலமே

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மீனவருக்கு இழப்பீடு, மண் அள்ளுதல் என்ற இரண்டோடு அது முடிந்துவிடுகிறது. கழிமுகத்தையே ஒரு தொழில் நிலமாகக் கருதிப் பிழைக்கும் ஊர் ஒன்று மேற்குக் கிரேக்கத்தில் உண்டு.

பத்ராஸ் வளைகுடாவின் வடகரையில், அக்கெலோஸ், எவினோஸ் என்னும் இரு ஆறுகளின் வண்டலால் உருவான ஆழமற்ற உப்பங்கழியின் ஓரத்தில் அமைந்தது மெசொலோங்கி. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1824-இல் இறந்த இடம் என்று சிலர் அறிந்திருக்கலாம். ஆனால் அங்கே அடுப்பெரியப் பெரிதும் உதவுபவை உப்பும் மீனும்தான். கிரேக்கத்தின் மிகப் பெரிய உப்பளங்கள் அங்கேதான் இருக்கின்றன. குஞ்சாகக் கழிக்குள் நுழைந்து மேய்ந்து வளர்ந்த மீன்கள், முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் பருவத்தில், வழியை மறித்து அமைத்த தடுப்புகளில் சிக்குகின்றன. அவற்றுள் பெண் மடவை மீனின் சினையை உறை கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, உலர்த்தி, தேன்மெழுகில் தோய்த்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். 'மெசொலோங்கி அவ்கோதாராகோ' என்ற அதன் பெயரை வேறு ஊர்ச் சரக்குக்குச் சூட்ட ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இடம் தருவதில்லை.

மடவை நமக்குப் புதிதன்று. எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரியில் அது இன்றும் கிடைக்கிறது. யார் எந்த நாளில் எங்கே வலை விரிப்பது என்று முறை வகுக்கும் பாடு வழக்கமும் அங்கே தலைமுறைகளாக உண்டு. இத்தனை இருந்தும் நம் மடவை ஊர்ப் பெயரின்றிக் கூடையோடு கூடையாக விலை போகிறது.

மெசொலோங்கியிலும் எல்லாம் செழிப்பு என்று சொல்ல வரவில்லை. அக்கெலோஸின் குறுக்கே எழுந்த அணைகள் வண்டலை மறித்துக்கொண்டன. ஆனாலும் நம் நிலை அதனினும் மோசம்: எண்ணூரில் கடலில் சேரும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றில், 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் கலந்து அலையாத்திச் செடிகளின் மேல் அப்பிக்கொண்டது. அந்த நீரில் பிடித்த மீனுக்கு, ஊர்ப் பெயரைச் சட்டப்படி காக்கும் புவிசார் குறியீடு கேட்டால் எவரும் நகைப்பர்.

எனவே மீன்வளத் துறை முதலில் பழவேற்காட்டு மடவைக்கும் இறாலுக்கும் அக்குறியீட்டைப் பெற முயல வேண்டும். எண்ணூரில் சாம்பல் கழிவை முற்றிலும் நிறுத்தி, முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் காத்து, எஞ்சிய உப்பளங்களையும் நீர்ப்பரப்பையும் தொழிற்சாலை மனைகளாக மாற்றுவதற்கு அரசு தடை விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கத்திவாக்கம், வடசென்னை