சம்பளக் கணக்கில் வராத நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

வேலைக்குப் போய்வரும் செலவைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றித்தான் பேச்சு இருக்கிறது. அந்தப் பயணம் தின்னும் நேரத்தைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் நெடுங்காலமாக இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் என் மேசைக்கு வந்துதான் கையெழுத்துப் போடுவார்கள். "பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. பதில் சொன்ன கையோடு, "வீட்டு வாசலிலிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு நேரம்?" என்று நானும் கேட்டுவிடுவேன். பலர் வண்டிக்குள் இருக்கும் நேரத்தை மட்டும் சொல்வார்கள். நிறுத்தம் வரை நடப்பது, காத்திருப்பது, இறங்கி மறுபடி நடப்பது எதுவும் அதில் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் சம்பளம் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12.5 பங்கு. ஆனால் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி ஆகிறது. பயணச் செலவு 8 பங்கு. அப்படியானால் பத்தரை மணி நேரத்தைக் கொடுத்து 92 பங்கு வாங்குகிறோம். மணிக்கு 8.76தான் தேறுகிறது. இன்னொரு வேலையில் சம்பளம் 85 பங்குதான். ஆனால் கால் மணி நேரம் நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். எட்டரை மணி நேரத்துக்கு 85, அதாவது மணிக்கு 10. குறைந்த சம்பளம் என்று தள்ளிவிட்ட வேலை, மணிக் கணக்கில் முந்திவிடுகிறது.

இதை வைத்து எல்லோரையும் பக்கத்து வேலைக்குப் போகச் சொல்ல மாட்டேன். வாடகையும் கடன் தவணையும் மொத்தப் பணத்தைத்தான் கேட்கும். மணிக்கு எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்காது. வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய ஓர் இளைஞர் என்னிடம் யோசனை கேட்டபோது, இப்போதைக்குத் தூரத்து வேலையிலேயே இருங்கள் என்றுதான் சொன்னேன். அவருக்கு 92 தேவை, 85 போதாது. ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பகலில் கவனிக்க ஆள் வைத்திருக்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் பயணத்தில் கழிக்கும் ஒவ்வொரு மணிக்கும் அந்த ஆளுக்கும் கூலி கொடுக்கிறார். மிச்சமாகும் நேரத்தில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் விலை.

அப்புறம், எல்லா நிமிடங்களும் ஒரே எடை கிடையாது. போக்குவரத்துத் திட்டங்களை எடைபோடுபவர்களுக்கு இது பழைய விஷயம். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வழிகாட்டுதலில், உள்ளூரில் சொந்த வேலையாகப் பயணம் செய்யும் நேரத்துக்கு மணி வருமானத்தில் பாதியை மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நிறுத்தத்தில் காத்திருப்பது, நடப்பது, வண்டி மாறுவது போன்ற நேரத்துக்கோ முழு வருமானத்தையும் எடுக்கிறார்கள். அதாவது, நின்று காத்திருக்கும் பத்து நிமிடம் உட்கார்ந்து போகும் இருபது நிமிடத்துக்குச் சமம். எனக்கு இரண்டு வழிகள் உண்டு. நடுவில் மாறி ஏறினால் சீக்கிரம் வந்துவிடலாம். நேரடி பஸ் சுற்றிக்கொண்டு வரும். நான் நேரடி பஸ்ஸில்தான் வருகிறேன். உட்கார இடம் கிடைக்கிறது, படிக்க முடிகிறது, அடுத்த வண்டி வருமா என்ற பதைப்பு இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இது நஷ்டமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

பணம் கொடுத்து இந்தச் சிரமத்தை ஈடுகட்டிவிடலாம் என்று நம்புகிறவர்கள், பொருளாதார அறிஞர்கள் அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ பிரேயும் செய்த ஆய்வைப் பார்க்க வேண்டும். நீண்ட தூரப் பயணத்தை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார் என்றால் கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டும், மனநிறைவு குறையக் கூடாது என்பதுதான் பொருளாதாரப் பாடம். ஜெர்மனியில் ஒரே குடும்பங்களிடம் ஆண்டுக்கணக்காகத் திரட்டிய தகவல்களை வைத்துப் பார்த்தபோது, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கை பற்றிய திருப்தி குறைந்துகொண்டே போனது. 2004-இல் உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளின் ஒவ்வொரு பொழுதும் எப்படிக் கழிந்தது என்று கேட்டார்கள். அவர்கள் மிகக் குறைவாக ரசித்த பொழுதுகளின் வரிசையில் காலைப் பயணம் இருந்தது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. வழக்கமாக ஐம்பது நிமிடம் ஆகும் பயணத்துக்கு ஐம்பது நிமிடம் முன்னால் யாரும் கிளம்புவதில்லை. மழையோ நெரிசலோ ஒருநாள் மாட்டிவிடும். அந்த ஒரு நாளுக்காக எல்லா நாளும் அரை மணி முன்னதாகக் கிளம்புகிறோம். எங்கள் பிரிவில் ஒருவர் பூட்டிய அறைக்கு வெளியே, சாவி வரும்வரை நின்றுகொண்டிருப்பார். அந்த அரை மணி அவர் வீட்டுக்கும் பயன்படவில்லை, நிறுவனத்துக்கும் பயன்படவில்லை. ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பிடித்தத்தைப் பட்டியலில் ஏற்றுகிற கை என்னுடையது என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. தாமதத்துக்கு அபராதம் உண்டு. சீக்கிரம் வந்து காத்திருந்த நேரத்துக்கு எங்கள் பட்டியலில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

உள்ளே வரும் நேரத்தில் முன்பின் அரை மணி தளர்வு கொடுத்து, அன்றைய எட்டு மணியை முடித்துவிட்டுப் போகலாம் என்று சொன்னால் போதும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஷிப்ட் மாற்றிவிட வேண்டிய ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இது நடக்காது. ஒருவர் வந்தால்தான் இன்னொருவர் போக முடியும். அங்கே வண்டி ஏற்பாடோ பயணப்படியோ கொடுப்பதுதான் நியாயம். பயணம் ஊழியரின் சொந்த விஷயம் என்று நிர்வாகங்கள் கைகழுவ முடியாது. வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தை எந்த நிலையில் பணி விபத்தாகக் கொள்வது என்பதை நாடுகள் வரையறுக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 121-ஆவது உடன்படிக்கை 1964-லேயே சொல்லிவிட்டது. நிலையான பணியிடம் இல்லாதவர்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரம் வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது.

உங்கள் நாளிதழில் வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வருகின்றன. சம்பளத்தை அச்சிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, வருகை நேரத்தில் எவ்வளவு தளர்வு உண்டு, பயணப்படி உண்டா இல்லையா என்பதையும் குறிப்பிடும்படி விளம்பரம் கொடுப்பவர்களை நீங்கள் கேட்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒருவர் தன் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ள அது உதவும்.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர் ஒருவர்