அயோவாவிலிருந்து நன்றியுடன்

நேற்று சாயங்காலம் முடிவு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பாடம் நடத்த வருமா என்று பார்க்கும் ஸ்பீக்கிங் டெஸ்ட்டில் தேறிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது கற்பித்தல் உதவியாளர்) வேலை கைவிட்டுப் போகவில்லை. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியை மட்டும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, நூலகத்தில் வாராவாரம் என்னோடு உட்கார்ந்து பேசிய அந்த அம்மாவுக்கு. பேர் சொல்லிக் கூப்பிடு என்பார். எழுபது தாண்டியவரை எப்படிப் பேர் சொல்வது? எனக்கு அவர் அம்மாதான். இலக்கணப் புத்தகத்தை அவர் தொட்டதேயில்லை. ஊர்க்கதைதான் பாடம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863-இல் லிங்கன் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாளை அறிவித்தது, நவம்பர் நான்காம் வியாழன் என்று 1941-இல் சட்டமானது, அன்றைக்கு வான்கோழி வேகும் நேரத்தில் வீட்டு டிவியில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஓடுவது, அயோவாவின் தலைநகர் டெ மாயினில் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் ஆளுயரப் பசுவை வெண்ணெயில் செய்து வைப்பது. அடுத்த வாரம் போனதும், "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்பார். ஒன்றுமே தெரியாதவர் போலக் குறுக்கே கேள்வி கேட்பார். டெஸ்ட்டிலும் அதேதான் நடந்தது: நான் பாடம் நடத்த, எதிரே இருந்தவர்கள் மாணவர்களாகி மடக்கி மடக்கிக் கேட்டார்கள். பழகிய இடம் போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை டைனர் என்கிற சின்ன உணவகத்துக்குக் கூட்டிப் போனார். முட்டை எப்படி வேண்டும், ரொட்டி வெள்ளையா, கோதுமையா, ரை என்கிற தானியமா என்று பரிமாறும் பெண் மூச்சுவிடாமல் கேட்டார். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவள் நான். ஆய்வுக் கட்டுரையை மடமடவென்று வாசிப்பேன், வாய்தான் எழாது. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டு வந்திருக்கும். சொல்லவில்லை. "அவசரமில்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, காப்பியில் பாலை ஊற்றி மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் சிட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். பின்னால் இரண்டு மேசைக்காரர்கள் கூப்பிட்டும் நகரவில்லை. "ஓவர் ஈஸி, ரை டோஸ்ட்" என்று கடைசியில் நானே சொன்னேன்: முட்டையைத் திருப்பிப் போட்டு, மஞ்சள் கரு இளகலாக, கூடவே ரை ரொட்டி.

பேங்க்கில் அண்ணன், ஹாஸ்டலில் தோழி என்று எனக்குப் பதிலாகப் பேச எப்போதும் யாராவது இருந்தார்கள். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். ஆனால் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தது அந்த அம்மாதான். அவருக்குத் தமிழ் தெரியாது. இதை அவரிடம் நானே ஆங்கிலத்தில் சொல்லப் போகிறேன்.

ராத்திரி முழுக்க என் ஒத்திகையைக் கேட்ட அறைத்தோழி அக்கா, படிவங்களை நிரப்ப உதவிய துறை அலுவலகத்தார், சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்த தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள், ஊரில் விரதம் இருந்த பெரியம்மா, உங்கள் அத்தனை பேரையும் மறக்க மாட்டேன்.

வரும் ஆகஸ்டிலிருந்து அதே நூலக மேசையில் நானும் உட்காரப் போகிறேன். புதிதாக வரும் தம்பி தங்கைகள் தயங்காமல் வாருங்கள். டைனருக்கும் கூட்டிப் போகிறேன். ஆர்டர் மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்.