கருமணலும் காந்தமும் கொண்டு வந்து புரிய வச்ச சாருக்கும் கூட நின்னவங்களுக்கும் நன்றி

எங்க அம்மைக்கு கேன்சருக்கு குடுத்த கடைசி ரேடியேஷன் போன வாரம் முடிஞ்சுது. திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு நடந்த இத்தன மாசத்துல விடியக்காலம் ரயிலுக்கு கொண்டு விட்டுட்டு காசே வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், வாய்ப்புண்ணு வந்தப்போ தினமும் கஞ்சி வச்சுத் தந்த பக்கத்து வீட்டு மாமிக்கும் என்ன சொல்லி நன்றி சொல்ல, தெரியல.

ஆனா இத எழுத உக்காந்ததே எங்க பழைய பிசிக்ஸ் சாருக்காகத்தான். ரெண்டாவது கீமோ முடிஞ்சு அம்மை ரொம்ப துவண்டு போன நேரம், ஒரு ஆள் வீட்டுக்கு வந்து காந்த பெல்ட் கட்டுனா கட்டி உருகிரும் கீமோவே வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாரு, நானும் ராத்திரி பூரா போன்ல காந்தத்த வச்சு கேன்சர் கட்டிய சூடாக்குறதப் பத்தி படிச்சிருந்தேன், ரெண்டும் ஒண்ணுதான்னு நம்பி அம்மைக்க வளையல அடகு வைக்க எடுத்துட்டேன்.

சார் விஷயம் கேட்டு அன்னைக்கு சாயங்காலமே வந்தாவ, கையில மணவாளக்குறிச்சி கருமணல் ஒரு பொதி, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு. பேப்பருக்கு அடியில காந்தத்த வச்சதும் கறுப்புத் தரி எல்லாம் சிலுத்து நின்னுது, நாலு விரக்கட கீழ இறக்குனதும் அப்படியே படுத்துட்டு. காந்தம் கொஞ்சம் தள்ளிப் போனாலே பிடி விட்டுரும், காந்தத்துல ஒட்டுற துகள்ல மருந்த ஏத்தி, உடம்புக்கு உள்ள ஆழத்துல இருக்க கட்டிகிட்ட வெளிய இருந்து காந்தத்தால பிடிச்சு நிறுத்துறது ஏன் கஷ்டம்னு எனக்கு அப்பந்தான் புரிஞ்சுது. கட்டி சூடாகணும்னா இரும்பு ஆக்சைடு நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத பொடி, கட்டிக்குள்ள இருக்கணும், வெளிய இருந்து குடுக்குற காந்தப்புலம் நொடிக்கு 1 லட்சம் தடவ கணக்குல திசை மாறணும், அப்போதான் 42, 43 டிகிரி வரும், பெல்ட்ல உள்ளது சும்மா கெடக்க காந்தம் மக்கா, அது எதையும் சூடாக்காதுன்னாவ. இப்படி சூடாக்குறது 1957-லயே அமெரிக்கால தொடங்குன ஆராய்ச்சி, 2011-ல ஜெர்மனிக்காரங்க வெளியிட்டதுல கூட மூளைக்கட்டி திரும்பி வந்த 59 பேருக்கு ரேடியேஷனோட சேத்துத்தான் குடுத்திருக்காங்க, கீமோவ நிறுத்தச் சொல்றவன நம்பாதன்னு அழுத்திச் சொன்னாவ.

அடுத்த தடவ போனப்போ டாக்டர்ட்டயும் கேட்டேன், அவ்வளவு கூட்டத்துலயும் அவங்க முகம் சுளிக்காம, இது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு, அம்மைக்கு நடக்குற சிகிச்சை சரியாத்தான் போகுதுன்னு பொறுமையா சொன்னாங்க. அவங்களுக்கும் நன்றி.

வளையல் அம்மை கையிலதான் கெடக்கு. சார், ஞாயித்துக்கெழம மரச்சீனியும் சாளை அவியலும் வச்சுத் தருவாளாம், கண்டிப்பா வரணும்னு அம்மை சொல்லச் சொன்னா.