விடெக் வாங்கப் போகிற மகளுக்கு

கண்ணு,

ஆம்பூரில் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று நீ போட்டோ அனுப்பிய நாளிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை. சாப்பிடும்போதுகூட 106 குதிரைத்திறன் பேச்சுதான். என்னிடம் காட்டினால் வேண்டாம் என்பேன் என்றுதானே அவருக்கு மட்டும் அனுப்பினாய்? நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவில் 22 வருடம் உட்கார்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்?

விற்கிறவர் சொல்லும் விலையோடு நிற்காது. இன்னும் பாதி அளவு பணத்தைத் தனியாக எடுத்து வை. முதல் வருடத்திலேயே அதற்கு வேலை வரும். எஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினை இறக்க வேண்டியதுதான். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடு, ஒரே கூலி. அப்புறம் ரப்பர் சாமான்: ஹோஸ், எஞ்சின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ். ரப்பருக்கு வண்டி ஓடியதா நின்றதா என்பது கணக்கே இல்லை, வயதாகிவிடும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் வேறு 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் ஹோஸ்களை முதல் மாதமே மாற்று.

ஃபில்டர், பிளக், பிரேக் பேட் எல்லாம் கிடைக்கும். ஹெட்லைட், கதவு பீடிங், டேஷ்போர்டு சுவிட்ச், பம்பர் கிளிப் என்று கேட்டுப் பார், தெரியும். பழைய வண்டிக்கு ஓடவைக்கும் சாமான் கிடைத்துவிடும், அழகு சாமான்தான் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலையத் தயாராக இரு. (அப்பாவைக் கூட்டிப் போ, அவருக்கு அது சுற்றுலா.)

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் போட்ட சின்ன காரே 120 குதிரைத்திறன் தருகிறது. சிக்னலில் உன்னை எவனாவது தாண்டிப் போவான். முகம் சுளிக்காதே. இந்த வண்டியின் ருசி எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அதன் குரல் மாறும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் உனக்கே புரியும். தினமும் ஆபீஸ் போக ஸ்கூட்டர் இருக்கட்டும், அதை விற்றுவிடாதே. இந்த விடெக் மாதத்தில் ஒரு வாரம் மெக்கானிக் ஷெட்டில் இருப்பாள்.

உனக்கு ஆறு வயதில் அப்பாவின் பழைய காரில் திருப்பதி போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கத்திரி வெயில். சித்தூர் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. அவசரப்பட்டு மூடியைத் திறந்தார், கையில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. நீ புளியமரத்தடியில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை புகை விடச் சொல்லுப்பா" என்று கேட்டாய். உனக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதே இல்லை.

காகிதம் முக்கியம். 2002-இல் பதிவான வண்டிக்கு 15 வருடம் 2017-இல் முடிந்தது. அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை வண்டி ஓடத் தகுதி என்ற எஃப்சி காட்டி, பதிவுச் சான்றான ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2022-இல் புதுப்பித்தாரா என்று பார், இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்து. நீ இருக்கும் பெங்களூருவில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால், ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசி வாங்கி கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும், அங்கே வரியும் கட்ட வேண்டும். இதையும் கணக்கில் சேர்.

ஞாயிற்றுக்கிழமை நீ நேராக ஆம்பூர் வந்துவிடு. நானும் அப்பாவும் நம் மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வருகிறோம். விலை பேசுவது நான், அப்பா வாயைத் திறக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து வா, கதவின் அடிப்பக்கம் அது ஒட்டாத இடத்தில் எல்லாம் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாம் போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம் என்று விற்கிறவரிடம் இன்றே சொல்லி வை. போனதும் நான் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு இருக்கிறதா என்று.

அம்மா