இரண்டாம் முறை ஓடாத மேக்ரோ

ஹட்டன்
ஜனவரி

அன்பு சிவா,

மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சிவனொளிபாத மலைப் பருவம். டிசம்பர் போயா (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக் வரை, மலைக்குப் போகும் மஸ்கெலியா பஸ்ஸில் நமக்கு எங்கே இடம்!

சரி, நீ எழுதிக் கேட்ட மேக்ரோவுக்கு, எக்செலுக்குள் ஓடும் அந்தச் சிறு நிரலுக்கு, வருகிறேன். செக்ரோல், அதாவது தொழிலாளர் வரவு-சம்பளப் பதிவு, எக்செலில் இருக்கிறது, அதிலிருந்து ஆளுக்கொரு கடிதம் வேர்டில் வர வேண்டும். முதல் தடவை ஒழுங்காக ஓடுகிறது, அடுத்த தடவை பிழை 462. தொலைவிலுள்ள சர்வர் கிடைக்கவில்லை என்று அது சொல்வதை நம்பி நெட்வொர்க்காரரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாவம், அவரை அனுப்பிவிடு. அது சர்வர் என்று சொல்வது உன் கணினியில் இருக்கும் வேர்டைத்தான்.

நீ அனுப்பிய வரிகளில் வேர்டைத் திறந்து ஒரு மாறியில் (வேரியபிளில்) வைத்திருக்கிறாய். நல்லது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் மொட்டையாக 'ஆக்டிவ் டாக்யுமென்ட்' என்று எழுதியிருக்கிறாய், முன்னால் அந்த மாறி இல்லை. அப்போது எக்செல் உனக்குத் தெரியாமல் வேர்டுடன் தனியாக ஒரு தொடர்பு பிடித்துக்கொள்கிறது. நீ வேர்டை மூடினாலும் அந்தத் தொடர்பு செத்துப்போன வேர்டையே காட்டிக்கொண்டிருக்கும். எக்செலை மூடித் திறந்தால் சரியாவது அதனால்தான். புதிய ஆவணத்தைத் திறக்கும்போதே அதையும் ஒரு மாறியில் வாங்கிக்கொள், பிறகு எல்லாவற்றையும் அதன் வழியாகவே செய். 'செலக்‌ஷன்' இன்னும் மோசம். மொட்டையாக எழுதினால் எக்செல் தன்னிடம் தேர்ந்தெடுத்திருக்கும் கட்டத்தையே எடுத்துக்கொண்டு பிழை 438 என்று கத்தும்.

மேலதிகாரியின் கணினியில் ஆபீஸ் 2010 என்றாயே, அது வேறு கதை. உன்னுடையது பதிப்பு 16.0, அங்கே 14.0. மேக்ரோ எந்தப் பதிப்பு வேர்டை நம்பியிருக்கிறது என்று காட்டும் ரெபரன்ஸ் பட்டியலில், அங்கே 'மிஸ்ஸிங்' என்று நிற்கும். ரெபரன்ஸை எடுத்துவிட்டு, மாறியை 'ஆப்ஜெக்ட்' என்று அறிவித்து, 'கிரியேட் ஆப்ஜெக்ட்' மூலம் வேர்டைத் திற. ஆனால் அதன்பின் வேர்டின் மாறிலிப் பெயர்கள் எக்செலுக்குத் தெரியாது. பிடிஎஃப்பாகச் சேமிக்க, மாறிலிப் பெயருக்குப் பதில் 17 என்ற எண்ணையே எழுது. அறிவிக்காத பெயர்களைத் தடுக்கும் 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்' வரி இல்லாவிட்டால் அந்தப் பெயர் பூஜ்யமாகிவிடும், ஃபைலின் பெயர் மட்டும் பிடிஎஃப்பாக, உள்ளே பழைய வேர்ட் ஃபைல் இருக்கும். திறக்காது.

இன்னொன்று, பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' மேலே போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. பிழையை மறைத்துவிட்டுப் பிழையைத் தேடி என்ன பயன்? அரைகுறையாக நின்ற ஓட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத வேர்டுகள் மிஞ்சியிருக்கும், டாஸ்க் மேனேஜரில் பார்த்து மூடு. உன் சொந்த வேலையை முதலில் சேமித்துக்கொள்.

ஆட்களின் பெயர்கள் இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில்தானா? அப்படியானால் வேர்டில் எழுத்துருவையும் மேக்ரோவே மாற்ற வேண்டும். யூனிகோடுக்கு மாற்றினால் நல்லது, ஆனால் தமிழ் வாக்கியங்களை மேக்ரோவுக்குள் எழுதாதே, கேள்விக்குறிகளாகிவிடும். ஒரு ஷீட்டில் வைத்து அங்கிருந்து எடு.

ரெபரன்ஸ் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பு. பொங்கலுக்கு வருகிறீர்களா, இல்லையா? அம்மா கேட்கிறார்.

அன்புடன்,
குமார்